வலி வந்தால் லோரி

லண்டனிலிருந்து வந்த அந்த மரப்பெட்டியைப் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி இராஜரட்ணம் தன் கையாலேயே உடைத்தார். உள்ளே எல்லாம் ஒரே புத்தகம். நீல அட்டை, பொன் எழுத்து. மலாக்காவில், சுங்கை ஊடாங்குக்கும் புக்கிட் ரம்பாய்க்கும் நடுவில் கிடந்த எங்கள் கண்ணாடிக்காரன் ரப்பர் தோட்டத்துக்கு அதற்கு முன்னால் புத்தகப் பெட்டி வந்ததே கிடையாது. நாங்கள் கேட்டிருந்தது காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை. அதுவும் வந்தது கிடையாது, அது வேறு சங்கதி.

பெட்டிக்குள் கம்பெனியின் உத்தரவு ஒன்றும் இருந்தது. தொழிலாளிகளின் பாஷை தெரியாமல் உத்தியோகஸ்தர்கள் வேலை வாங்குவது கம்பெனிக்கு அழகல்ல. ஆகவே உங்கள் தொழிலாளிகள் பேசும் பாஷையின் இலக்கணத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். இனி அவர்களுடைய மனுக்களை இந்தப் புத்தகத்தில் உள்ள பாஷையில் மட்டுமே வாங்க வேண்டும். இவ்வளவுதான் உத்தரவு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகம் மட்டும் ஸ்பானிஷ் பாஷையின் புத்தகம்.

என்ன நடந்ததென்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. கம்பெனிக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், பெரு என்ற தேசத்திலும் தோட்டம் உண்டு. அங்கே ஸ்பானிஷ் பேசுகிறார்கள். லண்டனில் பெட்டி கட்டியவன் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டான். எங்களுக்கு வர வேண்டிய தமிழ்ப் புத்தகம் பெருவுக்குப் போய்விட்டது. ரப்பர்ப் பால் கொட்டகையில், பாலைத் தகடாக அழுத்தும் ஷீட் மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கே இது விளங்கிவிட்டது. துரைக்கும் கிராணியாருக்கும் விளங்கவில்லை என்று சொன்னால் அது அவர்களை அவமதித்ததாகும். அவர்களுக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் யோசனை.

எங்கள் துரையை நெட்டைத் துரை என்போம். அவர் ஒரு நாள் முழுதும் பங்களாவில் உட்கார்ந்து யோசித்தார். லண்டன் தப்புச் செய்துவிட்டது என்று லண்டனுக்கு எழுதினால், தப்பைக் கண்டுபிடித்தவன் யார் என்று லண்டன் கேட்கும். அப்படிக் கண்டுபிடித்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு நல்ல தோட்டத்தில் இருந்ததாகச் சரித்திரமில்லை. சாயங்காலம் கிராணியாரைக் கூப்பிட்டுத் தன் முடிவைச் சொன்னார். உத்தரவில் இருப்பது தொழிலாளிகளின் பாஷை. புத்தகத்தில் இருப்பது ஸ்பானிஷ். தொழிலாளிகள் பேசுவது தமிழ். இந்த மூன்றில் ஒன்று தவறு. முதல் இரண்டும் லண்டனிலிருந்து வந்தவை.

கிராணியார் யாழ்ப்பாணத்தார். தமிழில் சண்டை போட்டு, இங்கிலீஷில் கணக்கெழுதி, இரண்டு பாஷையிலும் பெயர் வாங்கியவர். துரை சொன்னதும் "யெஸ் சார்" என்றார். மறுநாள் காலைப் பெரட்டில், நாங்களெல்லாம் வரிசையாக நின்று பேர் கொடுத்து முடித்ததும், மேசை மேல் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"உங்கட பாஷை இதுதான் எண்டு லண்டன் சொல்லுது" என்றார். "இண்டு தொடக்கம் ஒபிசிலை எது கேக்கிறதெண்டாலும் இதிலைதான் கேக்க வேணும்."

தம்புசாமி, தொழிலாளிகள் குடியிருக்கும் எங்கள் லயத்திலேயே வாய்த் துடுக்கானவர். கையைத் தூக்கினார். "அப்ப நாங்க இப்பப் பேசிக்கிட்டிருக்கிறது என்னாங்க ஐயா?"

"அது பழக்கத்தாலை வந்தது" என்றார் கிராணியார். "விட்டிடலாம்."

தினமும் வேலை முடிந்ததும் பால் கொட்டகையில் வகுப்பு. வாத்தியார் வேறு யார், கிராணியார்தான். எங்களைவிட ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு வருவார். சில நாள் அந்த ஒரு பக்கமும் இருக்காது. புத்தகத்தை முதலிலிருந்து நடத்தாமல் நட்ட நடுவிலிருந்து ஆரம்பித்தார். காரணத்தையும் அவரே சொன்னார்.

"முதலாம் பாடம் எழுத்து. உங்களுக்கு எழுத்து என்னத்துக்கு? ரெண்டாம் பாடம் என்ரை வீடு, என்ரை குதிரை, என்ரை தோட்டம். அதுவும் உங்களுக்கு வேண்டாம். கூலி ஒருத்தன் ஒபிசுக்கு வாறதெண்டால் எப்பவும் 'ஆல்' போட்டுத்தான் வாறவன். மழை பெய்தால். காய்ச்சல் வந்தால். ஆள் செத்தால். அந்தப் பாடத்தை மட்டும் படிச்சால் காணும்."

அந்தப் பாஷையில் நம்முடைய 'ஆல்' முன்னால் வந்து நிற்கும். அதன் பெயர் 'சி'. அதில் மூன்று வகை. நடக்கக்கூடியது முதல் வகை. 'சி யுவேவே' என்றால் மழை பெய்தால், அதாவது பெய்யும் போலிருக்கிறது. நடக்குமோ நடக்காதோ என்பது இரண்டாம் வகை. 'சி யோவியேரா' என்றால் ஒருவேளை மழை என்று ஒன்று பெய்வதானால். நடக்காமலே போனது மூன்றாம் வகை. அதைச் சொல்ல நாக்கு இரண்டு வேண்டும். மழை பெய்திருந்தால் இப்படி ஆகியிருக்கும், ஆனால் பெய்யவில்லை, போனது போனதுதான்.

இதுவரை புத்தகத்தில் இருந்தது. இதற்குமேல் நிர்வாகத்தைச் சேர்ந்தது. முதல் வகை மனுவைக் கிராணியாரே பார்ப்பார். இரண்டாம் வகை துரைக்குப் போகும். மூன்றாம் வகை லண்டனுக்குப் போகும். எந்த மனு எந்த வகை என்று தீர்மானிப்பது ஆபீஸ்.

முதலில் மாட்டிக்கொண்டவர் தம்புசாமிதான். அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. மழை பெய்தால் ஒழுகுகிறது, அத்தாப்பு ஓலை மாற்றித் தர வேண்டும் என்று முதல் வகையில் மனப்பாடம் செய்து சொன்னார். அன்றைக்கு வெயில். கிராணியார் வானத்தைப் பார்த்தார், மழைக்கு அறிகுறி இல்லை என்று இரண்டாம் வகைக்கு மாற்றினார். துரை அதைப் படித்துத் தீர்மானிப்பதற்குள் மழைக்காலம் வந்து, கொட்டு கொட்டென்று கொட்டி, போயும் விட்டது. ஆகவே மனு மூன்றாம் வகையாகி லண்டனுக்குப் போனது. லண்டனிலிருந்து பதில் வந்தது. மனுதாரரின் வாக்கிய அமைப்பு மிகவும் திருப்திகரமாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தார்கள். தம்புசாமியைப் பெரட்டில் முன்னால் நிறுத்தி அதை வாசித்தார் கிராணியார். தம்புசாமிக்குச் சளி பிடித்திருந்ததால் பதிலுக்கு நன்றி சொல்ல முடியவில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது, வீராசாமி வந்து நிற்கும் வரைக்கும்.

வீராசாமி எனக்கு அடுத்த வீடு. பால்மரம் சீவுகிறவன். மரத்துக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துச் சீவுவான். அவன் பெண்டாட்டி சுப்பம்மாவுக்கு அப்போது ஏழு மாசம். இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை பிறக்கிற நேரத்தில் வலி கண்டு, தலை திரும்பாமல் நின்றுபோய், மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றான். துரை கிளப்பில் இருக்கிறார், வரட்டும் என்றார்கள். துரை வந்தபோது பிள்ளை செத்துப் பிறந்திருந்தது. ஆண்பிள்ளை. அவளும் போயிருப்பாள், முனியம்மா பெரியம்மாவின் கைராசி, பிழைத்தாள். முனியம்மாதான் எங்கள் லயத்துக்கு மருத்துவச்சி.

அந்தப் பயத்தில்தான் வீராசாமி இந்த முறை முன்கூட்டியே ஆபீசுக்குப் போனான். அன்று நான் ஷீட் எண்ணிக்கை சொல்லப் போயிருந்ததால் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"வலி வந்துச்சுன்னா லோரி வேணுங்க ஐயா. இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டீங்கன்னா, காளிதாஸ் அந்நேரத்துக்கு எடுத்திருவாரு. போன வாட்டி மாதிரி ஆயிரக் கூடாதுங்க."

கிராணியார் அவனைச் சந்தோஷத்தோடு பார்த்தார். இதுவரை அவருக்கு இவ்வளவு அசலான 'ஆல்' கிடைத்ததில்லை. "வலி வந்தால் லொறி! அருமையான வசனம். இதைப் படிச்சுக்கொண்டு வா, பார்ப்பம்" என்றார்.

காளிதாஸ்தான் எங்கள் தோட்டத்து லோரி டிரைவர். தோட்டத்தில் இருந்தது ஒரே லோரி. ரப்பர் ஷீட்டை மலாக்காவிலுள்ள சீன முதலாளி டவுக்கேயின் கிடங்குக்குக் கொண்டுபோவது அதன் வேலை. ரப்பர் ஏற்ற அனுமதி வேண்டியதில்லை. ஷீட் காய்ந்ததும் ஏற்ற வேண்டும், ஏற்றியதும் ஓட வேண்டும், நிற்கக் கூடாது. ஆள் ஏறுவதானால் மட்டும் மனுப் போட்டு, பார்த்து, ஒப்பம் வாங்க வேண்டும். கம்பெனி ஆரம்பித்த நாள் முதல் அப்படித்தான். நாங்களும் அதைப் பற்றி யோசித்தது கிடையாது.

வீராசாமி படித்தான். அடடா, அவன் படித்த மாதிரி வேறு யாரும் படிக்கவில்லை. விடியற்காலையில் மரத்தில் உளியை வைத்துக்கொண்டே "சி வியேனே எல் தொலோர், நெஸெஸிதாரே எல் காமியோன்" என்பான். வலி வந்தால் லோரி வேண்டும். பக்கத்து நிரையில் சீவுகிறவர்கள் ஏதோ மலையாள மந்திரம் என்று நினைத்து விலகிப் போனார்கள். வீட்டில் சுப்பம்மா சோறு போடும்போதும் சொல்லிப் பார்ப்பான்.

"எனக்கு வலி வரட்டும், அப்ப நான் கத்துவேன். அதையே போய்ச் சொல்லேன், எல்லாருக்கும் புரியும்" என்பாள் சுப்பம்மா.

"சும்மா இரு புள்ள, மறந்து போயிரும்."

ஒரு மாசம் கழித்து ஆபீசில் போய் நின்று, ஒரு மூச்சில் ஒப்பித்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. கிராணியாரே புத்தகத்தை வைத்து ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வசனம் சரி. ஆனால் நீ முதலாம் வகையிலை சொல்லியிருக்கிறாய். வலி வரும் எண்டு உனக்கு நிச்சயமோ?"

"வயித்துல புள்ள இருக்குதுங்களே ஐயா."

"இருக்குது. எண்டைக்கு வரும்? காலமையோ, பின்னேரமோ? சொல்லு பார்ப்பம்."

"அது எப்படிங்க சொல்றது?"

"அப்ப நிச்சயமில்லை. ரெண்டாம் வகையிலை படிச்சுக்கொண்டு வா."

வீராசாமி திரும்பி வந்து மறுபடி மரத்தோடு பேச ஆரம்பித்தான். "சி வினியேரா எல் தொலோர், நெஸெஸிதாரியா எல் காமியோன்." ஒருவேளை வலி என்று ஒன்று வருவதானால், லோரி என்று ஒன்று வேண்டியிருக்கலாம். முன்பு கேட்டதைவிட மரியாதையாகத்தான் இருந்தது. இதற்குள் சுப்பம்மாவுக்கு நிறைமாசமாகிவிட்டது. குனிந்து பால் வாளி தூக்க முடியவில்லை. முனியம்மா பெரியம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். "போன தடவை மாதிரியேதாண்டா கெடக்குது. குறுக்கால. என் கைக்கு அடங்காது. ஆஸ்பத்திரிதான்" என்றார். உள்ளே சுப்பம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

இரண்டாம் வகை மனுவைத் துரை நேரில் கேட்பார். அதற்குப் பரீட்சை என்று பெயர். பால் கொட்டகையில் நாற்காலி போட்டு, மேசை விரிப்பு விரித்து, ஒரு ஜாடியில் செம்பருத்தி வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் துரை பேசினார். கிராணியார் அதைத் தமிழாக்கினார். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் தமிழுக்கு அனுமதி இருந்தது.

"வகுப்பு தொடங்கினதுக்குப் பிறகு ஒபிஸ் வாசலிலை கூட்டம் குறைஞ்சு போச்சு எண்டு துரை சந்தோஷப்படுறார். முந்தி ஒவ்வொரு நாளும் குறை சொல்லி வந்தவை. இப்ப மாசத்துக்கு ஒராள் வாறதே அருமை. தோட்டத்திலை குறைகள் நீங்கிப்போனதுக்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம் எண்டு சொல்லுறார். தான் இருபது வருஷமாய்ச் செய்ய ஏலாத காரியத்தை ஒரு புத்தகம் செய்துபோட்டுது எண்டும் சொல்லுறார்."

வீராசாமி முன்னால் வந்து, கைகட்டி, இரண்டாம் வகையில் ஒப்பித்தான். சரியாகவே சொன்னான். ஆனால் இடையில் ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை. துரை கேள்வி கேட்டார்.

"வலி வருமோ வராதோ எண்டு நீயே சந்தேகப்படுறாய். சந்தேகமான வலிக்கு நிச்சயமான லொறி என்னத்துக்கு எண்டு துரை கேக்கிறார்."

வீராசாமி கிராணியாரைப் பார்த்தான். சந்தேகப்படச் சொன்னவர் அவர்தானே. கிராணியார் செம்பருத்தியைப் பார்த்தார்.

"சரி, வேறை ஒண்டு கேக்கிறார். ரெண்டாம் வகை உனக்கு விளங்கியிருக்கோ எண்டு பார்க்க. நீ ஒரு ராசாவாய் இருந்தால் என்ன செய்வாய்?"

"ராசாவாங்க?"

"ஓம். புத்தகத்திலை இருக்கிற கேள்வி."

வீராசாமி கைகட்டை அவிழ்க்காமலே சொன்னான். "ராசாவெல்லாம் எதுக்குங்க ஐயா. லோரி டிரைவரா இருந்தாப் போதுங்க."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கிராணியார் எதையோ மொழிபெயர்த்தார். துரை வாயைச் சுளித்துத் தலையை ஆட்டினார். ஆசை மிகக் குறைவாக இருக்கிறது, இரண்டாம் வகைக்கு வேண்டிய கற்பனை இவனிடம் இல்லை, அடுத்த மாசம் வரட்டும் என்று தீர்ப்பாயிற்று.

"அடுத்த மாசம் வரைக்கும் தாங்காதுங்க ஐயா!" என்று வீராசாமி கத்தினான். தமிழில் கத்தியதால் அது கணக்கில் சேரவில்லை.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, நடுப்பகலில், பால் கொண்டுவந்து ஊற்றும் நேரத்தில் சுப்பம்மாவுக்கு வலி கண்டது. முனியம்மா பெரியம்மா ஆளனுப்பினார். வீராசாமி வாளியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினான். நான் கொட்டகையில் காளிதாசோடு ஷீட் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் எதிரில்தான் கொட்டகை. கேட்க வேண்டுமென்று நினைக்காமலே எல்லாம் கேட்டது.

"வலி வந்திருச்சுங்க ஐயா! லோரி நிக்குது, ஒரு வார்த்தை சொல்லுங்க!"

கிராணியார் எழுந்தே நின்றுவிட்டார். கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். முகம் வெளிறிப் போயிருந்தது. புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"வந்துட்டுதோ?" என்றார்.

"வந்திருச்சுங்க!"

"அப்ப 'வந்தால்' எண்டு கேக்கேலாது வீராசாமி. வந்தால், வருவதானால், வந்திருந்தால். மூண்டுதான் இருக்குது. வந்த வலிக்கு இதிலை பாடமில்லை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் என்ன செய்ய? துரை கிளப்பாலை வரட்டும். கேட்டுப் பார்ப்பம்."

துரை கிளப்பிலிருந்து வரட்டும் என்ற அந்த ஒரு வார்த்தையில் வீராசாமி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஷீட்டை வீசி அடித்திருப்பேன். அதற்குள் முனியம்மா பெரியம்மா கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பின்னால் இரண்டு பெண்கள் சுப்பம்மாவைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, இந்த ரப்பருக்கு எவனாச்சும் மனுப் போட்டானா?" என்றார் பெரியம்மா.

"இல்ல பெரியம்மா."

"பின்ன என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தூக்குங்கடா!"

காளிதாஸ் ஒரு கணம் ஆபீசைப் பார்த்தான், ஒரு கணம் சுப்பம்மாவைப் பார்த்தான். "சூசாலா" என்று முணுமுணுத்தான். வம்பில் மாட்டினோம் என்பதற்கு எங்கள் ஊர் வார்த்தை அது. முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்கினான். ஷீட் கட்டுகளை இரண்டு பக்கமும் அடுக்கி, நடுவில் இடம் விட்டு, மிருதுவான ஷீட்டாகப் பார்த்துப் பரப்பி, அவளைப் படுக்க வைத்தோம். பெரியம்மாவும் பக்கத்தில் நுழைந்துகொண்டார். மேலே கித்தான் போட்டு மூடினோம்.

லோரி புறப்படுமுன் கிராணியார் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார். சரக்கு வெளியே போகும்போது வந்து பார்ப்பது அவருடைய வழக்கம். வீராசாமி படியில் உட்கார்ந்திருந்தாலும் வழக்கம் வழக்கம்தான். கித்தானை ஒரு தட்டுத் தட்டினார்.

"காளிதாஸ், பத்திரமாய்க் கொண்டுபோ. பள்ளத்திலை குலுக்கப்படாது. வெயில் படாமல் மூடியிருக்கட்டும், ஆனால் காத்துப் போகவும் விடு. வேர்த்தால் கெட்டுப்போம். மழை வந்தாலும் நிப்பாட்டாதை. விளங்குதோ? வழியிலை ஒருத்தரோடையும் கதைச்சுக்கொண்டு நிக்காமல் நேரை போ."

அப்போது கித்தானுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"என்ன சத்தம்?"

"ஷீட் இறுகுதுங்க ஐயா" என்றேன்.

"முதல்தரச் சரக்கு அப்பிடித்தான்" என்று கிராணியார் திருப்தியோடு தலையாட்டி, வழி விட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு பிரியமாகப் பேசி நான் கேட்டதில்லை. லோரி வாசலைத் தாண்டியதும் வீராசாமியைக் கையைப் பிடித்து எழுப்பி, காதில் விஷயத்தைச் சொன்னேன். அவன் எழுந்து லோரி போன செம்மண் சாலையில் ஓடினான். மலாக்கா வரைக்கும் ஓடியே போனான் என்று பிறகு தெரிந்தது.

காளிதாஸ் வழியிலுள்ள பாச்சாங்கில்கூட நிறுத்தவில்லை. டவுக்கே கிடங்குக்குப் போகுமுன் பெரியாஸ்பத்திரிக்கு லோரியை விட்டான். பிள்ளை குறுக்கே கிடந்தது, கொடி வேறு சுற்றியிருந்தது. நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று தாதி சொன்னாளாம். வீராசாமி புழுதியும் வேர்வையுமாக வாசலில் வந்து விழுந்தபோது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. பெண்பிள்ளை. நல்ல கனம். தாயும் பிழைத்தாள்.

விசாரணை நடந்தது. நடக்காமல் இருக்குமா? ஆள் ஏறினால் மனு இருக்க வேண்டும். மனு இல்லை. மனு இல்லாமல் ஆள் ஏறினது எப்படி என்று லண்டன் கேட்டால் கிராணியார் பதில் சொல்ல வேண்டும், துரையும் பதில் சொல்ல வேண்டும். இருவரும் கூடி யோசித்து, ஆகவே ஆள் ஏறவில்லை என்று முடிவு செய்தார்கள். லோரியில் போனது ரப்பர். ரப்பர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. காளிதாசின் சீட்டுக் கிழியவில்லை, வேலை தப்பியது. எங்களுக்கு அதுவே போதும்.

துரை அதோடு விடவில்லை. வகுப்பு நடந்த வருஷத்தில் தோட்டத்தில் ஒரு பிரசவமும் கெடவில்லை, இது ஸ்பானிஷ் இலக்கணத்தால் கிடைத்த பலன் என்று லண்டனுக்கு எழுதிவிட்டார். லண்டனுக்கு அது மிகவும் பிடித்துப்போய், கம்பெனி டைரக்டர் ஒருவரே கப்பலேறி வந்துவிட்டார். பெருத்த உடம்பு, வெள்ளை உடுப்பு, உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. பெரட்டு மைதானத்தில் பந்தல் போட்டோம். லயத்து வாசல்களில் புதுச் சுண்ணாம்பு. அவர் பேசியதையும் கிராணியார்தான் மொழிபெயர்த்தார்.

"டைரக்டர் ஐயா பெரு தேசத்துக்கும் போய்த்தான் இஞ்சை வாறார். அங்கத்தைத் தொழிலாளியள் பிடிவாதக்காரராம். கம்பெனி எவ்வளவோ பிரயாசைப்பட்டும் தங்கட சொந்தப் பாஷையான தமிழைக் கதைக்க மாட்டம் எண்டு நிக்கினமாம். உங்களைப் போலை அடக்கமானவையை உலகத்திலை வேறை எங்கையும் காணேல்லை எண்டு சொல்லுறார்."

எங்களைக் கைதட்டச் சொல்லியிருந்தார்கள். தட்டினோம்.

பிறகு சுப்பம்மாவைக் கூப்பிட்டார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வீராசாமி பின்னாலேயே வந்து நின்றான். டைரக்டர் பிள்ளையின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். இந்தப் பெண்ணையே ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், பாஷை பெண்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். துரையின் காது சிவந்தது. சுப்பம்மா ஒரு நாளும் வகுப்புக்கு வந்ததில்லை.

கிராணியார் அவள் பக்கம் குனிந்தார். "பிள்ளை எப்பிடிப் பிழைச்சுது எண்டு ஐயாவுக்கு ஒரு வசனம் சொல்லு. எதையாவது சொல்லு, நான் பார்த்துக்கொள்ளுறன்."

சுப்பம்மா டைரக்டரைப் பார்க்கவில்லை. துரையைப் பார்க்கவில்லை. கிராணியாரைத்தான் பார்த்தாள்.

"என்னைய ரப்பருன்னு நெனச்சு அனுப்பினீங்க, நாங்க ரெண்டு பேரும் பொழச்சோம். மனுசின்னு தெரிஞ்சிருந்தா செத்துப் போயிருப்போம்."

டைரக்டருக்குத் தமிழும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது. புன்சிரிப்போடு கிராணியார் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

கிராணியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி மாட்டினார். எங்களுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, இங்கிலீஷில் சொன்னதைத் தமிழிலும் சொன்னார்.

"மூண்டாம் வகை, ஐயா. பிழை ஒண்டுமில்லை."

டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். துரையும் தட்டினார். சொல்லி வைத்திருந்தபடி நாங்களும் தட்டினோம். அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்து அழ ஆரம்பிக்கவே, சுப்பம்மா அதை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள்.